தாராவியில் ஒருத்திக்கும் விஷமம் இல்லை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் கூடாது, எண் மட்டும்தான் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் சட்டம். அவரைப் பற்றி எழுதும்போது நானே அதை மீறினால் நன்றாக இருக்காது. ஆபீஸில் நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்று கூப்பிட்டோம். அவர் காதில் விழாத தூரத்தில் 'இது யாரு மேடம்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய ஆள்காட்டி விரல். எங்கள் ஆபீஸ் மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மனச்சோர்வு, தூக்கமின்மை, குடும்பத்தில் நிம்மதி இல்லாமை, இவற்றையெல்லாம் ஆராய்கிற இடம். மனோதத்துவம் படித்தவர்கள் கேள்விகள் தயாரிப்பார்கள். என்னைப் போன்றவர்கள் வீடு வீடாகப் போய் அந்தக் கேள்விகளைக் கேட்டு ஃபாரம் நிரப்பி வருவோம். பதில்கள் எல்லாம் எண்களாக மாறி மேடத்தின் கம்ப்யூட்டருக்குப் போகும். அவர் புள்ளியியல் படித்தவர். திரையில் ஒரு வரிசை என்றால் ஒரு பெண். இருநூற்றுச் சொச்சம் வரிசைகளை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்திக்கொண்டே வருவார். திடீரென்று ஒரு வரிசையில் விரலை வைத்து அழுத்தி, "செல்வி, இது யாரு?" என்பார். திரையில் விரல் ரேகை பதிந்துவிடும். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்.

அவர் கேட்பது பெயரை அல்ல. பெயரை நான் சொன்னால் கோபம் வரும். ஆள் எப்படி, வீடு எப்படி, நான் கேட்டபோது என்ன செய்துகொண்டிருந்தாள், அதுதான் அவருக்கு வேண்டும்.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்ததால் தமிழ் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன். இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். மேடம் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் பாலக்காடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். ஆனால் என் தமிழ் வேறு, அவர் தமிழ் வேறு. அது எவ்வளவு வேறு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஃபாரத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் இருந்தது. ஒரு நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை, கடைசிவரை அப்படியே. புராஜெக்ட் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் சொன்ன பதில், தூக்கிப் போடுங்கள் என்றார். அவர் சொன்னது முறைப்படி சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேடம் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"அந்த அக்கா ஒண்ணும் யோசிக்காமச் சொல்லல மேடம். பக்கத்துல அவுக மாமியா உக்காந்திருந்தாவ. அந்தக் கோலியில வேற எங்க போய் உக்காருவாவ? பத்துக்குப் பத்து ரூமு."

மேடம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மறுநாள் எல்லா ஃபாரத்திலும் கடைசியில் ஒரு புதிய கட்டம் வந்திருந்தது: கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? மாமியார் என்றால் ஒன்று, கணவன் என்றால் இரண்டு, பிள்ளைகள் என்றால் மூன்று, யாருமில்லை என்றால் சைபர். தாராவியில் அந்தச் சைபர் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் கொண்டுபோனால் ஃபாரத்தை என் பக்கமே தள்ளிவிடுவார்.

அவரிடம் 'எப்பவும்' என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது. டோம்பிவிலியிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெண், ட்ரெயின் எப்பவும் லேட் என்று வியர்த்து வழிய வந்து நிற்பாள். "எப்பவுமா? திங்கக்கிழமை கரெக்டா வந்தேளே?" என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்காருவாள். ஒருநாள் நானும் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எப்பவும் சண்டைதான் மேடம் என்று சொல்லிவிட்டேன். அவர் வழக்கப்படி, "எப்பவுமா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள். மீதி நாலு நாள் எங்கள் வீட்டில் சண்டை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது கால் கொஞ்சம் லேசாக இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தலைவருக்குச் சராசரி போதும். தாராவிப் பெண்ணின் சராசரி மனச்சோர்வு இவ்வளவு என்று ஒரு எண் வந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. "சராசரின்னு ஒருத்தி கிடையாது செல்வி. தாராவி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒருத்தி கதவைத் திறக்க மாட்டா" என்று மேடம் என்னிடம் சொல்லுவார். ஆனால் அந்தச் சராசரியை அவர்தான் கணக்கிட்டுக் கொடுப்பார், தசமப் புள்ளி பிசகாமல். வேலையை அவர் இளப்பமாக நினைத்ததே இல்லை. எண் இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் கட்சி.

இனிச் சொல்ல வருவதுதான் எனக்குக் கஷ்டமானது.

அந்த வருஷம் மனச்சோர்வு பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. தமிழில் மாற்ற ஆள் தேடினார்கள். ஆபீஸில் தமிழ் தெரிந்த படித்த ஆள் மேடம் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் மராத்தியும் ஹிந்தியும் படித்தவர். அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். டைப் அடிக்கிற கடைக்காரர் அதைத் தமிழ் எழுத்தாக்கினார். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து, தமிழிலிருந்து மறுபடி இங்கிலீஷுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பழைய இங்கிலீஷும் புது இங்கிலீஷும் ஒன்றாக இருந்தால் பாஸ். அந்த வேலையை மேடத்தின் மன்னி, அவர் அண்ணனின் மனைவி, செய்தார். செம்பூரில் இருப்பவர், அவரும் பாலக்காட்டுக்காரர். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது.

நான்காவது கேள்வி இப்படி இருந்தது: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் உங்களுக்கு மனசில் விஷமம் இருந்தது?

பாலக்காட்டுத் தமிழில் விஷமம் என்றால் துக்கம். மனசுக்கு விஷமமா இருக்கு என்றால் மனது பாரமாக இருக்கிறது என்று அர்த்தம். மலையாளத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குள் வந்து, அவர்கள் வார்த்தையாகவே ஆகிவிட்டது. எங்களுக்கு விஷமம் என்றால் சேட்டை. சுவரில் கிறுக்குவது, பக்கத்து வீட்டுப் பைப்பைத் திறந்துவிட்டு ஓடுவது.

முதல் வீட்டிலேயே அந்த அக்கா சிரித்துவிட்டாள். "இந்த வயசுல எனக்கு என்னக்கா விஷமம்? எம் மவன்கிட்ட கேளுங்க, தெனமும்னு சொல்லுவான்." அடுத்த வீட்டிலும் சிரிப்பு. மூன்றாவது வீட்டில், "புருசன்கிட்டயா?" என்று கண்ணடித்தாள் ஒருத்தி. பாவம், எல்லாச் சோகக் கேள்விக்கும் நடுவில் ஒரு சிரிப்புக் கேள்வி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு நாளும் இல்லை என்பதில் டிக் அடித்தேன்.

கேள்வி தப்பு என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஏதோ தப்பு என்று முதல் நாளே தெரிந்தது. சொல்லவில்லை. பயிற்சியின்போது மேடம் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தார்: "ஒரு வார்த்தை கூடப்படாது, கொறையப்படாது. புரியலைன்னா திரும்ப வாசியுங்கோ. விளக்கம் சொல்லப்படாது. நீங்க விளக்கினா அது அவா பதில் இல்லை, உங்க பதில்." நான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்னொன்றும் உண்டு. ஏழாவது வரை தமிழ் படித்த நான், இவ்வளவு படித்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதா என்ற பயம். அதற்கும் அடியில், கண்டுபிடிக்கட்டுமே அவர்களே என்ற ஒரு சின்னத் திமிர். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஃபாரத்தில் அவள் எண் நூற்றுப் பதினெட்டு. பைகள் தைக்கிற பட்டறையிலிருந்து மூட்டை வாங்கி வந்து வீட்டில் நூல் வெட்டிக் கொடுப்பவள். நான் போனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. கத்தரியைக் கீழே வைக்காமலே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான்காவது கேள்வி வந்தபோது கத்தரி நின்றது.

"விஷமம்னா என்னக்கா?"

நான் கேள்வியைத் திரும்ப வாசித்தேன்.

"அதான், அப்படின்னா என்னக்கா? மனசுல என்னமோ இருக்குமே, அதா?"

நான் மூன்றாவது முறையும் வாசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று தடவை ஒரே மாதிரிச் சொல்கிறவளிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பாள். "இல்லன்னு போட்டுக்கோங்க" என்று மறுபடி நூல் வெட்டத் தொடங்கினாள். பக்கத்தில் யார் என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். அந்தச் சைபரைப் பார்த்து மேடம் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

எல்லா ஃபாரமும் வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் மத்தியானம், மேடம் விரலை வரிசையின்மேல் வைக்கவில்லை. மேலிருந்து கீழே ஒரு பத்தி முழுக்க இழுத்தார். நான்காவது கேள்வி. மேலிருந்து கீழ்வரை சைபர்.

எல்லோரும் ஒரே பதில் சொன்ன கேள்வியால் எதையும் அளக்க முடியாது. அதை எடுத்துவிட்டால் மற்றக் கேள்விகள் இன்னும் நன்றாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று கம்ப்யூட்டரே சொன்னது. தலைவருக்கு அது போதும். எடுத்துவிடுங்கள் என்றார். மேடம் எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, தாராவியில ஒருத்திக்குக்கூடவா விஷமம் இல்லை?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மகன், பைப், புருஷன், கண்ணடித்தது. அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மொத நாள்லேருந்து மேடம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "நான்தானே சொன்னேன், விளக்கப்படாதுன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு கேள்விக்கும் சைபர் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் ஒரு கோட்டைத் தாண்டினால் அந்தப் பெண்ணை மனநல ஆலோசகரிடம் அனுப்புவதாக ஏற்பாடு. கோட்டுக்கு மூன்று மதிப்பெண்ணுக்குள் கீழே நின்றவர்களை அவர் தேடி எடுத்தார். பதினோரு பேர். நான்காவது கேள்வி ஒழுங்காக இருந்திருந்தால் இவர்களில் யார் வேண்டுமானாலும் கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

தலைவரிடம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். இந்தப் பதினோரு பேரைச் சேர்த்தாலும் முடிவு மாறாது என்றார் தலைவர். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்கு சரிதான்.

"முடிவு மாறாது சார், எனக்கும் தெரியும். இந்தப் பதினோரு பேருக்கு மாறும்" என்றார் மேடம்.

மறுநாள் காலை அவரே தாராவிக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை. மாட்டுங்காவிலிருந்து நடந்தால் வந்துவிடுகிற தூரம். கஞ்சி போட்ட காட்டன் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடைப் பலகைகளின்மேல் கவனமாகக் கால் வைத்து வந்தார். முதல் சந்து முனையில் நின்று, "துக்கத்துக்கு நீங்க என்ன வார்த்தை சொல்லுவேள்?" என்று கேட்டார். அப்படி ஒரு வார்த்தை சட்டென்று எனக்கும் வரவில்லை. கடைசியில், "மனசு விட்டுப்போச்சுன்னு சொல்லுவோம் மேடம்" என்றேன். "மனசு விட்டுப்போச்சு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பத்துக் கதவுகள் திறந்தன. பத்துப் பேரிடமும் அவரே கேட்டார், என் வார்த்தையில். முன்பு சிரித்த பெண்கள்தான். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஏழு பேர் கோட்டைத் தாண்டினார்கள். புருஷனிடமா என்று கண்ணடித்தாளே, அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சந்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராவது கதவு பூட்டியிருந்தது. நூற்றுப் பதினெட்டு.

"காலி பண்ணிட்டுப் போயிட்டாவளே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஒரு வாரத்துக்கு முந்தி ராத்திரியோட அவ மட்டும் போயிட்டா. பெறவு அவ புருசன் சாமானை ஏத்திக்கிட்டுப் போனான். புள்ள எங்கன்னு தெரியல. பாண்டுப்ல யாரோ சொந்தம்னு சொல்லுவா. டோம்பிவிலின்னும் ஒருக்கா சொன்னா."

மேடம் அந்தப் பூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். கத்தரி நின்றதை, விஷமம் என்றால் என்னக்கா என்று அவள் கேட்டதை, நான் மூன்று தடவை வாசித்ததை. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அது வேண்டாத பாரம். ஆனால் என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி நடக்கும்போது புடவையைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டார். கரையெல்லாம் சேறு.

கிடைக்காத பதிலுக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்பது என்று போடுவது வழக்கம். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே போய்விடும். மேடம் அதைப் போடவில்லை. "தொண்ணூத்தொம்பதுன்னா தேடியாச்சுன்னு அர்த்தம். நாம இன்னும் தேடலையே" என்று கட்டத்தைக் காலியாக விட்டார். கேள்வியில் பிழை இருந்தது, பிழை மொழிபெயர்த்தவருடையது என்று ஒரு வரி கட்டுரையில் சேர்க்கச் சொன்னார். தலைவர் மறுத்தார். அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். கட்டுரை வந்தது. நான்காவது கேள்வி அதில் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தேடப் போனோம். எல்லா ஞாயிறும் அல்ல. அவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை ஞாயிறு என்று கேட்பார், அதனால் சொல்கிறேன், பதினான்கு. பாண்டுப்பில் தமிழர் கடைகள், டோம்பிவிலியில் மாரியம்மன் கோயில் வாசல். எதற்குத் தேடுகிறோம் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மனநல ஆய்வு என்று சொன்னால் அவளுக்குக் கெட்ட பெயர். தெரிந்தவள், ஒரு சாமான் கொடுக்க வேண்டும் என்று பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை நான்தான் சொல்லுவேன். மேடத்துக்குப் பொய் வராது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பாண்டுப்பில் ஒருநாள் ஒரு கடைக்காரர், அந்தப் பெயரில் ஒரு அம்மா பின்னால் இருக்கிறாள் என்று கூட்டிக்கொண்டு போனார். படி ஏறும்போது மேடத்துக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள் வேறு யாரோ. பெயர் மட்டும் அதே. நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பெண், இவ்வளவு படி ஏறி வந்திருக்கிறீர்கள் என்று டீ போட்டாள். டீயைக் குடித்துவிட்டு மேடம் எந்த முன்னுரையும் இல்லாமல், "உங்களுக்கு மனசு விட்டுப்போறதுண்டா?" என்று கேட்டார். பாலக்காட்டு ராகத்தில் எங்கள் வார்த்தை. கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தப் பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். தன்னிடம் அப்படிக் கேட்டவர்கள் யாருமில்லை என்றாள்.

திரும்பும்போது ட்ரெயினில் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மூணு" என்றார்.

"என்ன மேடம்?"

"இவளுக்கு மூணு. நம்ம லிஸ்ட்லயே இல்லாதவ."

அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டார். நான் வேறு ஆய்வுகளுக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் இதே வேலைதான். யாராவது, அப்படின்னா என்னக்கா என்று கேட்டால் பேனாவை மூடிவிட்டு விளக்கம் சொல்லிவிடுகிறேன். விளக்கம் சொன்னேன் என்று ஃபாரத்தின் ஓரத்தில் எழுதியும் விடுகிறேன். மேலதிகாரிகள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

போன வருஷம் மழைக்காலத்தில் மன்னியிடமிருந்து போன் வந்தது. மேடத்துக்குப் பக்கவாதம் மாதிரி ஒன்று வந்து போனது, இப்போது செம்பூரில் எங்களோடுதான் இருக்கிறார், ஒருதடவை வந்து போங்கள் என்றார். போனேன். மன்னி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை கால் எல்லாம் சரியாயிடுத்து. பேச்சும் வரும். பேசத்தான் மாட்டேங்கறா. சாப்பிடவும் மாட்டேங்கறா. டாக்டர் ஒரு ஃபாரத்தை வெச்சிண்டு இங்கிலீஷ்ல கேட்டார், ஆர் யூ ஸேட்னு. எல்லாத்துக்கும் நோ, நோன்னுட்டா. டெஸ்ட்ல நார்மல்னு எழுதிட்டுப் போயிட்டார்."

உள் அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வந்திருக்கேன் மேடம் என்றேன். திரும்பினார். கண்ணில் என்னை அடையாளம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் நானாகவே பேசினேன். ஆபீஸ் இடம் மாறியது, என் மகன் வேலைக்குப் போனது. எதற்கும் பதில் இல்லை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"மேடம், நூத்திப் பதினெட்டு கெடச்சுட்டா."

அவர் கண் அசைந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "நெருள்ல இருக்கா மேடம். புள்ளையும் அவகூடத்தான் இருக்கு. தையல் கடை வச்சிருக்கா. நல்லாருக்கேன்னா."

உதடு மெதுவாகப் பிரிந்தது. குரல் தேய்ந்திருந்தது.

"நீங்களே பார்த்தேளா?"

"ஆமா மேடம்."

"நாலாவது கேள்வி கேட்டேளா?"

"கேட்டேன். சைபர்தான் மேடம்."

அவர் என்னையே பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பார்த்தாரே, அந்தப் பார்வை.

"கேக்கறச்சே பக்கத்துல யாரு இருந்தா?"

என் பொய்யில் அந்தக் கட்டம் இல்லை. மாமியார், கணவன், பிள்ளை, எதையாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கை நகர்ந்து வந்து என் கைமேல் விழுந்தது. கனமே இல்லை.

"காலியா இருக்கட்டும் செல்வி" என்றார். "ஏதாவது போட்டு நிரப்பாதீங்கோ."

மறுபடி சுவர் பக்கம் திரும்பப் போனார். திரும்பிவிட்டால் இனிப் பேச மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன கேட்பதென்று யோசிக்கவில்லை. எத்தனையோ கதவுகளில் கேட்டுச் சிரிப்பு வாங்கிய அந்தக் கேள்வியை, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் கேட்டேன்.

"மேடம், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் உங்களுக்கு மனசில் விஷமம் இருந்தது?"

அவர் திரும்புவதைப் பாதியில் நிறுத்தினார். முகம் மெல்லக் கோணியது. பிறகு எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "தினமும்" என்றார்.

கதவருகில் மன்னி காபி டம்ளரோடு நின்றிருந்தார். நான் கேட்டது அவர் காதிலும் விழுந்திருந்தது. டம்ளரை அங்கேயே தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான்தானே அந்த வார்த்தையை இங்கிலீஷ்ல திருப்பி எழுதிக் கொடுத்தேன்" என்றார். "ஒருநாள்கூட இவகிட்ட அதைக் கேக்கலையே."